புதுப்பிப்பு: தேக்குச் சமையல் மேடைக்கு ஆன செலவு

கிரானைட்டுக்குப் பதிலாகத் தேக்கில் சமையல் மேடை அமைக்க எவ்வளவு ஆகும் என்று முன்பு கேட்டிருந்தேன், வேலை முடிந்துவிட்டது. 10 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கணக்குப்படி 2.5 கன அடி மரம் போதும். ஆனால் அறுப்பிலும் இழைப்பிலும் போகும் கழிவையும் சேர்த்து 3.25 கன அடி வாங்கினோம். கன அடி 4,000 ரூபாய் வீதம் மரம் 13,000, தச்சர் கூலி 9,000, எண்ணெய், பசை, மேடையைப் பிணைக்கும் L வடிவ இரும்புக் கோணங்கள் எல்லாம் 2,500, ஆக 24,500 ரூபாய்.

கூலியில் மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும் என்பதால், அது நகர இடம் இருக்கட்டும் என்று எங்கள் தச்சர் கோணங்களில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளையிட்டே திருகினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய விளிம்புதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்று, அங்கே ஆளிவிதை எண்ணெயை மரம் இனிக் குடிக்காது என்னும் வரை திரும்பத் திரும்பப் பூசினார்.