குடும்பத்தோட கவுன்சிலிங் போனவங்க இருக்கீங்களா?

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:
அப்பாவும் அண்ணனும் பேசி 2 வருசமாச்சு. தென்னந்தோப்புப் பாகம்தான், வேறென்ன. பாலக்காட்டுல ஒரு மேடம், பாதி மலையாளம் பாதி தமிழு. ஆம்பளைங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு என்ற 11 வயசுப் புள்ளைகிட்டக் கேட்டாங்க: "அப்பிச்சியும் மாமனும் மொகம் குடுத்துப் பேசாத அன்னிக்கு யாருக்கு ரொம்பச் சங்கடம், கண்ணு?"

"அம்மிச்சிக்கு. ரெண்டு பேருக்கும் தனித்தனியா சோறு போடுவாங்க. அம்மிச்சி மட்டும் திங்க மாட்டாங்க."

அப்பா அம்மாவத் திரும்பிப் பாத்தாரு. அம்மா முந்தானைய வெரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க. அம்மா வீட்டுக்கு வாரம் ரெண்டு தடவ போறேன், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

சித்தூர் பையன் (ஆந்திரா சித்தூரு, உங்க பாலக்காட்டுச் சித்தூர் இல்ல):
தம்பிக்காக வேலூர் பாகாயத்துல, சி.எம்.சி மனநல ஆஸ்பத்திரில தங்கினோம். அங்க வீட்டாளுங்களும் கூடவே தங்கணும். தம்பிய எது கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்லும். டாக்டர், "நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்கம்மா"ன்னு எழுப்பிட்டாரு. தம்பிக்கும் நைனாவுக்கும் நடுவுல ஆளே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, "நைனா, எனக்கு பயமா கீது"ன்னான். அவன் நைனாகிட்ட நேரா பேசி நான் பாத்ததே இல்ல.

செங்கோட்டை 71:
சின்னப் புள்ளைய சாட்சிக்கு இழுக்கது சரியா? எங்களுக்கு வாச்ச ஆளு முத நாளே எங்கப்பா பக்கம் சாஞ்சிட்டாரு. அதோட சரி, போகல.

களியக்காவிளை எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி படிப்பு):
அண்ணே, அது சாட்சி இல்ல. ரெண்டு பேருக்கு இடையில என்ன நடக்குன்னு மூணாவது ஆள்ட்ட கேக்கது ஒரு முறை. இத்தாலியில மிலான் குழுன்னு குடும்பச் சிகிச்சை செய்த ஆளுவ 1980-ல எழுதின கட்டுரையில இருக்கு. யாரு குத்தவாளின்னு தேட மாட்டாவ. ஒருத்தர் செய்யது அடுத்தவர எப்படித் தொடுது, அது சுத்தி எங்க வருதுன்னு பாப்பாவ. யாரு பக்கமும் சாயாம இருக்கணும்னும் அதுலயே உண்டு, ஒங்க ஆளு அதத்தான் விட்டுட்டாரு. முத நாளே நிறுத்தாதிய, "நீங்க அப்பா பக்கம் பேசுக மாதிரி இருக்கு"ன்னு மொகத்துக்கு நேரயே சொல்லுங்க. வீட்டுல அடிதடி உண்டும்னா ஒண்ணா உக்காரவே வேண்டாம், மொதல்ல தனியா பாருங்க. எங்க வீட்டுலயா? அப்பா வர மாட்டேன்னுட்டாரு.

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:
நான் ரோசனை கேக்கலீங்க தம்பி. செங்கோட்டை அண்ணன் சொன்னதுதான் உறுத்துது. திரும்பி வர்றப்ப கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் புள்ள வாயே தொறக்கல. அப்புறமா, "நான் சொன்னது தப்பாம்மா?"ன்னா. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறதா வேண்டாமா தெரியல.