உறைபனிப் படத்தில் குளிர் எங்கே?

குன்னூர்

எனக்கு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள். கேட்க வந்தது இதுதான்: உங்கள் படத்தைப் பார்த்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அடுத்த முறை கேமராவை எடுத்தபோது காதில் வந்து விழுந்திருக்கிறதா? ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ எல்லாம் கணக்கில் வராது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பேக்கரி மாடியில் கூடுவோம். வர்க்கியும் டீயும் வரும். வர்க்கித் தூள் படத்தின் மேல் உதிராமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை. ஆளுக்கு இரண்டு படம், நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். போனில் காட்டக் கூடாது, போன் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கொடுமை இதுதான். “அன்னைக்கு வெளிச்சமே இல்லீங்க” என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

ஒரு ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் எடுத்த உறைபனிப் படத்தை வைத்தேன். விடிகாலை ஆறே காலுக்குப் போய் விரல் மரத்துப்போக எடுத்தது. புல்வெளி முழுக்க வெள்ளை, பின்னால் யூகலிப்டஸ் மரங்கள், மேலே சிவந்த வானம். சிவப்பு போதவில்லை என்று கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றியிருந்தேன். சரி, நிறையவே ஏற்றியிருந்தேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குக் கைதட்டல் மழை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. ஊட்டி இந்து நகரில் இருந்த பிலிம் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி அது. கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கேதான் தயாராகின. பிலிமில் மருந்து பூசுவது இருட்டில் நடக்கிற வேலை. வருஷக்கணக்கில் இருட்டில் நடந்து பழகியவர் என்பதாலோ என்னவோ, எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவர் கண் முதலில் நிழலுக்குத்தான் போகும்.

என் படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. குளிர் எங்கே?” என்றார்.

விதியின்படி நான் வாயைத் திறக்க முடியாது. சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்தார். பழைய காலண்டர் அட்டையை ‘ட’ எழுத்துபோல வெட்டி வைத்திருப்பார், ஓரமெல்லாம் கை பட்டு மழுங்கியிருக்கும். ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் பிடித்தால் நடுவில் ஒரு சட்டம் கிடைக்கும். அந்தச் சட்டத்தைப் படத்தின் மேல் வைத்து மெல்லச் சுருக்கிக்கொண்டே வந்தார். சிவப்பு வானம் போனது. மரங்கள் போயின. கடைசியில் இடது கீழ் மூலையில் தீப்பெட்டி அளவு இடம்தான் மிஞ்சியது. அங்கே உறைபனி மிதிபட்டு உடைந்த வரிசை ஒன்று. எனக்கு முன்னாலேயே யாரோ கேரட் தோட்டத்துக்கு நடந்து போன கால்தடம். செருப்பின் குதிகால் பதிந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாகத் தெரிந்தது. படம் எடுத்தவன் நான், அதுவரை அதை நான் பார்க்கவே இல்லை.

“இந்தப் பனியில ஒரு ஆள் நடந்து போயிருக்கார். அவரை விட்டுட்டு வானத்தை ஏன் தம்பி எடுத்தீங்க?”

அப்புறம்தான் நுட்பத்துக்கு வந்தார். பனி வெள்ளையாக இல்லாமல் அழுக்குச் சாம்பலாக இருந்ததற்கும் காரணம் சொன்னார். கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். உறைபனியோ மூடுபனியோ வெள்ளை வேட்டியோ, எதிரே வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நாம்தான் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) ஏற்றிவைக்க வேண்டும். “அதுக்குப் பனின்னு தெரியாது தம்பி, உங்களுக்குத் தெரியுமில்ல?” என்றார்.

அடுத்த வாரம் மூன்று நாள் போனேன். முதல் நாள் உறைபனியே விழவில்லை, மேகம் போட்டிருந்தது. இரண்டாம் நாள் ஸ்டாண்டை நிறுத்திக் குனிவதற்குள் வெயில் வந்து எல்லாம் நீராகிவிட்டது. வெயில் தொட்ட பிறகு உறைபனிக்கு ஆயுள் அவ்வளவுதான். மூன்றாம் நாள் கோணியை விரித்து மண்ணில் படுத்தேன். வெயில் பக்கவாட்டில் வர, ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக நிழல் போட்டது. மீட்டரை நம்பாமல் ஏற்றி எடுத்தேன்.

படத்தைப் பார்த்த பெரியவர் சொன்னது: “குளிர் வந்துருச்சு. ஆனா இந்த மேல் பக்கம் வெளுத்துப்போச்சு பாருங்க, புல்லே இல்ல, வெறும் பேப்பர் தெரியுது.”

ஒரு ஸ்டாப் என்றவர் பேச்சைக் கேட்காமல் நான் ஒன்றே முக்கால் ஏற்றியிருந்தேன்.

கோத்தகிரி

என் படத்தை விமர்சித்தவருக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது.

நான் பள்ளி ஆசிரியை. பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவைப் படம் எடுத்தேன். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த மூங்கில் கூடையைக் கொண்டுபோய் அவர் முதுகில் மாட்டி, கொஞ்சம் சிரிக்கச் சொல்லி, கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுத்த படம். நண்பர்கள் ஃபோகஸ் பற்றிப் பேசினார்கள், பின்னணி மங்கல் பற்றிப் பேசினார்கள், ஒருவர் ஏதோ போட்டிக்கு அனுப்பச் சொன்னார். ஒரு பிரதியைப் பெரிதாகப் போட்டு அந்த அக்காவிடமே கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். “டீச்சரம்மா, என் கையப் பாருங்க. ரெண்டு இலை ஒரு மொட்டு பறிக்கிற கையா இது? முத்தின இலையைப் புடிச்சிட்டு நிக்கிறேன். கங்காணி பார்த்தா கூலியைப் புடிப்பாரு. இந்தக் கூடை ஏது? நாங்க பைதானே கட்டுறோம். பாதி நாள் கத்தரி போட்டுல்ல வெட்டுறோம்? இலை பறிக்கறப்போ எவ சிரிச்சிக்கிட்டு மேல பார்ப்பா, கண்ணு செடியிலதான இருக்கும்!”

அத்தனையும் சரி. படத்தில் இருந்தது காலண்டரில் நான் பார்த்துப் பழகிய ஒரு பெண், அந்த அக்கா இல்லை. என் நண்பர்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே என்று அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

அதன் பிறகு ஒரு மாதம் கேமரா இல்லாமலே போய் வந்தேன். கத்தரியில் வெட்டிய இலை அதிலேயே மாட்டியிருக்கிற பையில் விழுகிற சத்தம் எனக்கு இப்போது பழக்கம். விரல் நுனியெல்லாம் கறை பிடித்த அந்தக் கையை மட்டும் எடுத்தேன். அக்கா அதைப் பார்த்து, “இது என் கைதான்” என்றார். எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை.

கொடைக்கானல்

பழனி மலைக்காரன் நீலகிரிப் பேச்சில் நுழையலாமா தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் டாக்சி ஓட்டுகிறவன். என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். ஒருநாள் சாயங்காலம் கஸ்டமரைக் கோக்கர்ஸ் வாக் என்கிற மலையோர நடைபாதையில் இறக்கிவிட்டு நானும் கூடப் போனேன். முதுகுப் பக்கம் வெயில், எதிரே பள்ளத்திலிருந்து ஏறி வருகிற மேகம். அந்த மேகத்தின் மேல் என் நிழல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம்! சாமி படத்தில் வருமே, அதுபோல. பதறிப்போய் நாலு படம் எடுத்தேன்.

நான் இருந்த போட்டோ குழுவில் போட்டதும் வந்த முதல் பதில், “என்ன ஆப்புல வட்டம் போட்ட?” இரண்டாவது, “போன்ல எடுத்ததா? அதான்.” விஷயம் தெரிந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தவர்கள்தான் இப்படி எழுதினார்கள். கேமராவின் விலையை வைத்துப் படத்தைப் பார்க்கிறவர்களிடம் என்ன பேசுவது? ஆறு மாதம் எதையும் போடவில்லை.

அப்புறம் அதே குழுவில் இருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பக்கத்துல நின்ன கஸ்டமருக்கு வட்டம் எங்க தெரிஞ்சுது?” கஸ்டமருக்கு போன் போட்டு அவர் எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தேன். அதே நேரம், அதே இடம். ஆனால் வட்டம் அவர் நிழலைச் சுற்றி இருந்தது, என் நிழல் வெறும் நிழலாக ஓரத்தில் நின்றது. வாத்தியார் சிரித்தார். மேகத்தில் இருக்கிற பொடிப் பொடித் துளிகள் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதால் அவரவர் வட்டம் அவரவருக்குத்தான் தெரியுமாம். ஜெர்மனியில் பிராக்கன் என்ற மலையில் அடிக்கடி தெரிவதால், மேகத்தில் இப்படி விழும் நிழலுக்குப் பிராக்கன் நிழலுரு என்று பெயராம்.

அதோடு விடவில்லை. படத்தில் என்ன குறை என்றும் சொன்னார். “நட்ட நடுவுல வச்சுட்ட. வட்டம் எப்பவும் கேமராவோட நிழலைச் சுத்திதான் விழும். போனை மூஞ்சிக்கு நேரா புடிக்காம கையை நீட்டி எடுத்துப் பாரு.” மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த வெயிலும் மேகமும் ஒன்றாக அமைந்த அன்று, கையை நன்றாக நீட்டி எடுத்தேன். நிழல் மனிதன் ஒருவன் வானவில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

முன்பு ஆப் பற்றிக் கேட்டவர், இது எந்த ஆப் என்று மறுபடி கேட்டார். பதில் போடவில்லை.

அரவங்காடு

என்னுடையது சின்னது. மலை ரயில் படம் ஒன்றைப் போட்டு “மூச்சு வாங்க மலையேறும் ரயில்” என்று தலைப்பு வைத்தேன். முன்னால் நீராவி எஞ்சின், பின்னால் நீலப் பெட்டிகள். புகை கம்மி என்று வருத்தம் வேறு. ரயில் பைத்தியம் ஒருவர் ஒரே வரியில் மடக்கினார்: “சார், இது இறங்குற வண்டி.”

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. அந்தப் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். எஞ்சின் முன்னால் வந்தாலே வண்டி இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் அவரே சொன்னார்: “புகை கம்மியா இருக்குன்னு வருத்தப்பட்டீங்களே, இறங்கறப்போ அதுக்கென்ன உழைப்பு? காலையில மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர வண்டிக்கு நில்லுங்க.” 1899-லிருந்து குன்னூருக்கு ஓடுகிற ரயில், சின்ன வயதிலிருந்து அதன் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

ஊட்டி

கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் கூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளில் மட்டும் இருக்கிற பறவை, அதுவும் தாழ்வான புதரில் கூடு. படம் பளிச்சென்று இருந்தது. ஒருவரும் வெளிச்சம் பற்றியோ கூர்மை பற்றியோ பேசவில்லை. ஒரு அம்மா மட்டும், “கூட்டை மறைச்சிருந்த இலையை யார் விலக்கினது?” என்று கேட்டார். படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

குன்னூர்

மீண்டும் நான்தான். கொடைக்கானல் தம்பி, நிழலுருப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், போனோடு போய்விடும்.

பெரியவரைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. எத்தனையோ மாதம் வந்தும் அவர் தன் படம் எதையும் வைத்ததில்லை. கேட்டால் “நான் பிலிம் செஞ்சவன், படம் எடுத்தவன் இல்ல” என்பார். போன மாதம் தினமணித் தாளில் சுற்றிய ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பிரிண்டைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார். மூடுபனியில் ஒரு பஸ் ஸ்டாப். ஷிப்டுக்குப் போகிற ஏழெட்டுப் பேர் மப்ளர் சுற்றி, டிபன் கேரியரோடு நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் கையை வாயருகே குவித்து ஊதிக்கொண்டிருக்கிறார். குளிர் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

யாரும் பேசவில்லை. அவரும் விதிப்படி வாயை மூடிக்கொண்டு வர்க்கியைப் பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எங்களில் இளையவன், புதிதாகச் சேர்ந்த காலேஜ் பையன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மேல கொஞ்சம் வெட்டலாமோன்னு தோணுது. அந்தக் கரண்டுக் கம்பி இழுக்குது.”

பெரியவர் கையைத் தட்டித் தூளை உதறினார். சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி, “எவ்வளவு?” என்றார்.