பிள்ளைகளோடு தீபாவளி உடை தைக்க: பார்டர் பாவாடை, குர்தா

கேள்வி – ஈசூன்_அம்மா

மகளுக்கு 8 வயது, தொடக்கநிலை 2. மகனுக்கு 11. இந்தத் தீபாவளிக்குத் தங்கள் உடையைத் தாங்களே வரைந்து, என்னோடு உட்கார்ந்து தைக்க வேண்டும் என்கிறார்கள். மகள் வரைந்திருப்பது இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்த பாவாடை. மகனுக்கு முட்டிவரை குர்தா.

பாவாடைக்கு பார்டர் போட்ட மெல்லிய பருத்தித் துணி இரண்டரை மீட்டர் வாங்கியாயிற்று, அகலம் 110 செ.மீ. மகளின் இடுப்பு 56, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 68. மகனின் மார்புச் சுற்று 70. இடுப்புக்கு எலாஸ்டிக் போதுமா? எந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்? இன்னொன்று: மெஷினில் தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கிறது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றியும் சரியாகவில்லை.

பதில் – ஜரிகைக்கரை

முதலில் அந்த நூல் சிக்கல். அடியில் கொத்து நின்றால் குறை பெரும்பாலும் மேல்நூலில்தான், பாபினில் இல்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடிக்கிடக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முழுவதும் மறுபடி கோத்துப் பாருங்கள். ஏறி இறங்கும் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கமாக இழுத்துப் பிடிப்பதை மகளிடம் கொடுத்துவிடலாம்.

பாவாடைத் துணியில் பார்டர் நீளவாக்கில் ஓடுகிறது. அதனால் துணியின் நீளம் சுற்றளவாகும், அகலம்தான் உயரம். மகள் வரைந்த படத்தை அந்த 110-க்குள் அவளே கணக்குப் போட்டுப் பொருத்தட்டும். வடிவமைப்பு என்பதே அங்கேதான் தொடங்குகிறது. உயரம் 68, இடுப்புத் தையலுக்கு 1.5, டக் (துணியைச் சுற்றிலும் மடித்துத் தைப்பது) இரண்டு. ஒரு டக் 2.5 செ.மீ. ஆழம் என்றால் 5 செ.மீ. துணி பிடிக்கும், இரண்டுக்கு 10. ஆக 80 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். கீழ்க்கரை நெய்த கரை, மடிக்க வேண்டாம். டக்கைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: பிள்ளை வளர வளர ஒன்றைப் பிரித்தால் பாவாடை 5 செ.மீ. இறங்கும். டக் தையலை மட்டும் 4 மி.மீ. நீளத்தில் போடுங்கள், பிரிப்பது சுலபம். மற்றதெல்லாம் 2.5 மி.மீ. மேலே மிஞ்சும் 30 செ.மீ. துணி பாக்கெட்டுக்கு ஆகும். சட்டைக்குத் தனித் துணி வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனையுங்கள். பருத்தி சுருங்கும், செயற்கை ஜரிகை சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே பார்டர் நெளிந்துவிடும். ஜரிகை மேல் வேறு துணி போட்டுத்தான் இஸ்திரி.

இரண்டு பாக்கெட் வேண்டுமென்றால் துணியை 125 செ.மீ. வீதம் இரண்டாக வெட்டுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கத் தையல் கிடைக்கும். பாக்கெட் வாய் இடுப்பிலிருந்து 7 செ.மீ. கீழே, 12 செ.மீ. நீளம். பக்கத் தையலைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். பார்டர் கோடு நேராகச் சேரும், ஏறுமாறு இருந்தாலும் இடுப்பில் மறைந்துவிடும்.

பதில் – தையல்_தாத்தா

எலாஸ்டிக் இந்தப் பாவாடைக்கு வேண்டாம்மா. இரண்டரை மீட்டர் துணியின் கனம் அதைக் கீழே இழுக்கும், பிள்ளை நாள் முழுக்கத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். கையில்லாத பருத்திப் பாடி தைத்து அதில் பாவாடையைச் சேருங்கள், கனம் தோளில் நிற்கும். பாடியின் அடிச்சுற்று 62. பின்பக்கம் முழுத் திறப்பு வைத்து ஹூக் போடுங்கள். பாவாடையின் பின்துண்டிலும் நடுவில் 12 செ.மீ. கீறிப் பட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் போடும்போது மாட்டிக்கொள்ளும்.

250 செ.மீ. துணியை 62-க்குள் சுருக்குவதால் சுருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வருகிறது. மெல்லிய துணி என்பதால் படியும். தடித்த துணியென்றால் கொசுவம்தான் நல்லது. விளிம்பிலிருந்து 6 மி.மீ.-இல் ஒன்று, 12 மி.மீ.-இல் ஒன்று என இரண்டு வரி 4 மி.மீ. தையல் போட்டு, பாபின் நூல் இரண்டையும் சேர்த்து இழுங்கள். ஒரே வரியானால் சுருக்கு உருண்டு திரும்பும். நான்கு பகுதியாகப் பிரித்து ஓட்டினால், நூல் அறுந்தாலும் கால் பகுதிதான் போகும்.

எலாஸ்டிக் பாவாடையை முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பருத்தி 1.2 மீட்டர், எல்லாமே நேர்த்தையல். 2.5 செ.மீ. எலாஸ்டிக்கை 53 செ.மீ. வெட்டி 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். அது போகும் மடிப்பு 2.8 செ.மீ. இருந்தால் போதும், அதிகமானால் உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

பதில் – நேர்நூல்

8 வயதுப் பிள்ளை அளவெடுக்கலாம், செய்தித்தாளில் வடிவம் வரையலாம், குண்டூசி குத்தலாம், சுருக்கைச் சீராக்கலாம். மெஷினில் முதலில் நூலில்லாமல், காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் ஓட்டட்டும். அதற்குப் பழைய ஊசியை வையுங்கள், காகிதம் முனையை மழுக்கும். வேகத்தைக் குறைத்துவிட்டு, கால் எட்டாவிட்டால் பெடலை ஒரு பெட்டிமேல் வையுங்கள். கையை நகர்த்துவதற்குமுன் கால் பெடலை விட்டு எழ வேண்டும். குண்டூசியை ஊசி நெருங்கும் முன்பே உருவிவிட வேண்டும், அதன்மேல் ஊசி இறங்கினால் உடைந்து முகத்துக்குத் தெறிக்கும். இஸ்திரி உங்கள் வேலை.

குர்தாவின் பக்கத் தையல் முழுவதையும் மகன் தைக்கலாம். மார்பு 70-உடன் தளர்வு 16 சேர்த்து 86, ஒரு துண்டு 43, தையலோடு 46. இரண்டு மீட்டரில் கையும் வந்துவிடும். பிள்ளைகள் சறுக்குவது கழுத்தில்தான். காகிதத்தில் சின்னதாகத் தெரிந்த கழுத்து, 1 செ.மீ. தையல் போனதும் சுற்றிலும் அகன்றுவிடும். அதனால் 1 செ.மீ. குறைத்தே வெட்டுங்கள். தலை நுழையுமா என்பதற்கு ஒரு கணக்கு: கழுத்துச் சுற்றோடு, முன்திறப்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால், தலைச் சுற்றைவிட 2 செ.மீ.-ஆவது அதிகம் வர வேண்டும். கழுத்து ஓரத்தில் தைத்த பட்டியை உள்பக்கம் திருப்புமுன் வளைவில் 1.5 செ.மீ.-க்கு ஒரு வெட்டு, தையலுக்கு 2 மி.மீ. முன்வரை. இல்லாவிட்டால் பட்டி படியாமல் நிமிர்ந்து நிற்கும்.

ஈசூன்_அம்மா

மிக்க நன்றி. குர்தாத் துணி சிங்கப்பூரில் எங்கே பார்க்கலாம்? இரவில் தைத்தால் கீழ்வீட்டுக்குச் சத்தம் போகுமா?

ஜரிகைக்கரை

அரபு ஸ்திரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தையும் பாருங்கள், அங்கே தையற்காரர்களும் உண்டு. சத்தத்தைவிட அதிர்வுதான் மேசைக்கால் வழியே இறங்கும். மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், இரவு பத்தரைக்குமேல் கைத்தையல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஹூக் தைப்பதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும்.