குவைத், சவூதி: தூதர்கள் திரும்பிய நாட்களில் அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள்

செல்வம், தஞ்சாவூர்:
2018-ல குவைத் ஃபர்வானியால ஒரு கார்கோ கடையில வேலை பார்த்தேன். ஊருக்குப் பெட்டி போட வர்றவங்கள்ல பிலிப்பைன்ஸ் பெண்கள்தான் நிறைய. டாங் டப்பா, சோப்பு, பிள்ளைங்க செருப்புன்னு அவங்க கையாலேயே அடுக்கி, நாலு சுத்து டேப் ஒட்டினாதான் மனசு ஆறும். பிப்ரவரியில அவங்க நாட்டுப் பொண்ணு ஒருத்தியோட உடம்பு ஒரு ஃபிளாட் ஃப்ரீசர்ல கிடைச்சது. ஒரு வருஷத்துக்கும் மேல அங்கேயே கிடந்திருக்கு. இனி குவைத்துக்கு ஆள் அனுப்ப மாட்டோம்னு அப்போ பிலிப்பைன்ஸ் அதிபரா இருந்த துதெர்தே அறிவிச்சார். குவைத் அரசு பொதுமன்னிப்பு குடுத்த நேரம் வேற, அக்காமா (தங்கறதுக்கான அனுமதி) இல்லாதவங்க கூட்டம் கூட்டமா கிளம்பினாங்க.

ஏப்ரல்ல, பிலிப்பைன்ஸ் தூதரக ஆளுங்க வீட்டு வாசல்ல காரை நிறுத்தி வேலைக்காரப் பெண்ணை ஏத்திட்டுப் போற வீடியோ பரவிச்சு. எங்க கடைக்கு வர்ற குவைத்தி ஒருத்தர் கொதிச்சுட்டார். "என் வீட்டு வாசல்ல இன்னொரு நாட்டுக்கு என்ன வேலை?" நல்ல மனுஷன். வீட்டுல வேலை செய்யற பொண்ணு பெட்டிக்கு அவரே காசு கட்டுவார். ஆனா அவ பாஸ்போர்ட் அவர் பீரோவுலதான் இருந்துச்சு. அது தப்புன்னு அவருக்குத் தோணவே இல்ல. சட்டப்படி அது 2015-லயே தப்பு.

ஏப்ரல் 25-ல பிலிப்பைன்ஸ் தூதரை ஒரு வாரத்துல வெளியேறச் சொல்லி குவைத் உத்தரவு போட்டுச்சு. மே 11-ல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தமே கையெழுத்தாச்சு: பாஸ்போர்ட்டை முதலாளி வச்சுக்கக் கூடாது, போனைப் பிடுங்கக் கூடாது. ஒரு நாடு முறைச்சு நின்னதாலதான் இது கிடைச்சதுன்னு நான் உறுதியா நம்பறேன். இந்தியாவும் வீட்டு வேலைக்குப் போற பெண்களுக்கு முதலாளி 2,500 டாலர் பேங்க் கேரண்டி கட்டணும்னு கேட்டுச்சு. குவைத் ஒத்துக்கல. 2017-ல நாமே அதை எடுத்துட்டோம். எனக்கு அது இன்னும் ஆறல.

ஃபாத்திமா, மூதூர்:
செல்வம் அண்ணன், 2013 ஜனவரி 9 அன்றைக்கு நான் ரியாத்தில ஒரு வீட்டில வேலை. சவூதியில வீட்டு வேலைக்குப் போன இடத்தில, பாத்துக்கொண்ட குழந்தை செத்த வழக்கில மாட்டின எங்கட ஊர்ப் பிள்ளை ரிசானா நஃபீக்குக்கு அன்றைக்குத்தான் மரண தண்டனை நிறைவேத்தினவங்க. 2005-ல போகக்குள்ள அவவுக்குப் பதினேழு வயசு. பாஸ்போர்ட்டில இருபத்திமூண்டு எண்டு போட்டு அனுப்பினது ஏஜென்ட். தமிழ் மட்டும் தெரிஞ்ச பிள்ளை, ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே வாக்குமூலம் எடுத்தவங்க.

இலங்கை தூதரைத் திருப்பிக் கூப்பிட்டதாம் எண்டு மேடம் என்னட்டக் கேட்டா, "இனி நீயும் போயிடுவியா?" அந்தக் கிழமை என்னைக் கடைக்கும் விடேல்ல. நாடுகள் கோவிச்சா முதல்ல பூட்டுறது எங்கட கதவைத்தான். பிறகு சவூதிக்குப் போற பெண்களுக்கு 25 வயசு எண்டு சட்டம் வந்தது, 2014 ஜனவரியில ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டது. நல்லதுதான். ஆனா வயசை மாத்தி எழுதினவனைத் தேடிப் பிடிக்கிறதுக்கு ரியாத்தோட பேசத் தேவையில்ல. அதை எங்கட அரசாங்கம் ஊருக்குள்ளயே செஞ்சிருக்கலாம்.