பெல்லடோனா லில்லிக் கிழங்குகள் பூக்காமல் அழுகுவது ஏன்?

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா):
அனைவருக்கும் வணக்கம். கேப் டவுனிலிருக்கும் என் நாத்தனார் கொடுத்தனுப்பிய பெல்லடோனா லில்லிக் கிழங்குகள் பத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாசலோரத்தில் நட்டேன். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இலை செழித்து வருகிறதே தவிர, ஒரு பூவைக்கூட நான் கண்டதில்லை. இந்தத் தை மாதம் தோண்டிப் பார்த்தபோது நான்கு கிழங்குகள் விரல் பட்டாலே குழையும்படி அழுகியிருந்தன. எங்களுடையது களிமண். பங்குனி உத்திரத்தின்போது வாசலில் அந்த இளஞ்சிவப்புப் பூக்கள் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் எங்கே தவறினேன்?

பதில் (கேப் டவுன்):
சகோதரிக்கு வணக்கம். அந்தக் கிழங்கின் தாய்வீடு எங்கள் மேற்கு கேப். இங்கே மழை குளிர்காலத்தில் பெய்வதால், அது அப்போது இலை விட்டு, கோடையில் இலை காய்ந்து வறண்ட மண்ணுக்குள் உறங்கி, நம் நாட்டுக் கோடை முடியும் மாசி பங்குனியில் இலையே இல்லாத வெறுந்தண்டில் பூக்கிறது. உங்கள் ஊரிலோ அது உறங்க வேண்டிய கோடையில்தான் மழை கொட்டுகிறது. களிமண்ணும் சேர்ந்தால் அழுகாமல் என்ன செய்யும்? மீந்த ஆறு கிழங்குகளையும் பருமணல் கலந்த தொட்டிகளில், கழுத்து வெளியே தெரியும்படி நட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். இலை காய்ந்ததும் மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். இனித் தோண்டிப் பார்க்க வேண்டாம். வேர் கலைந்தால் ஓரிரு ஆண்டுகள் பூக்காமலே போகும்.

பதில் (டர்பன்):
மேலே சொன்னது சரி. ஆனால் வாசல் பாத்திக்கு நம் பக்கத்துக் கிழங்கையே நடுவது நல்லது என்பேன். டிராக்கன்ஸ்பர்க் மலைச்சரிவுகளில் தானாக வளரும் நெரின் பவுடெனி கோடை மழையில் இலை விட்டு, இலையுதிர் காலத்தில் பூத்து, வறண்ட குளிர்காலத்தில் உறங்குவது. நம் மழைக்கு முரண்படாதது. களிமண்ணில் மணலும் மக்கிய உரமும் கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். கிழங்குகளை நெருக்கமாக நட்டுவிட்டுப் பல ஆண்டுகள் தொடாதீர்கள். நெருக்கத்தில்தான் அது நன்றாகப் பூக்கும். ஓரம் நெளிந்து பின்னால் சுருண்ட அதன் இதழ்களை அருகில் பார்த்தால் பெல்லடோனாவை மறந்துவிடுவீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாயிருங்கள். கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகள் கொண்ட புழு இவ்விரண்டையும் தாக்கும்; இலைத் தோலுக்குள் புகுந்து தின்றுகொண்டே கிழங்குவரை இறங்கிவிடும். இலையில் கண்ணாடிபோல் வெளிறிய திட்டுத் தெரிந்த அன்றே புழுக்களைக் கையால் பொறுக்கிவிடுங்கள். கிழங்குகள் நச்சுள்ளவை என்பதால் குழந்தைகளுக்கு எட்டாதபடி வையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆறு கிழங்குகளும் இன்றே தொட்டிக்கு மாறுகின்றன. வாசல் பாத்தியை உயர்த்திவைத்து, குளிர்காலம் முடியுமுன் நெரின் கிழங்குகளை வாங்கி நடுகிறேன்.