டர்போ டீசல்: ஏற்றத்தில் அழுத்தினால் இழுவை போய்விடுகிறது. டர்போவையே மாற்ற வேண்டுமா?

மலைப்பாதை:
வணக்கம். வண்டி 1.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ, டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உண்டு. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்திலோ ஓவர்டேக் செய்யும்போதோ 2500 ஆர்பிஎம் தாண்டி நன்றாக அழுத்தினால் திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல ஆகிவிடுகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அடுத்த ஏற்றம் வரைக்கும். ஸ்கேனரில் பி0299 என்று வந்தது. பார்த்த மெக்கானிக் வண்டிக்கு அடியில்கூடப் போகாமல் டர்போ போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார். நம்பலாமா?

கறுப்புப் புகை:
எனக்கும் இதே கோடுதான் வந்தது, டர்போ மாற்றினேன், சரியாகிவிட்டது. அப்படியே ஈஜிஆரையும் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) அடைத்துவிடுங்கள், அதுதான் கரியை உள்ளே தள்ளி எல்லாவற்றையும் கெடுக்கிறது.

ஸ்பேனர்:
அவசரப்படாதீர்கள். பி0299 என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு டர்போவிலிருந்து காற்றழுத்தம் வரவில்லை என்றுதான் அர்த்தம். ஏன் வரவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது. ஹோஸ் கிழிந்தாலும் வரும், வேக்யூம் குழாய் வெடித்தாலும் வரும், டர்போவுக்குள் நகரும் தகடுகளான வேன்கள் கரியில் சிக்கினாலும் வரும், சென்சார் தப்பாகப் படித்தாலும் வரும். டர்போவே செத்திருந்தாலும் வரும்தான், ஆனால் அதைக் கடைசியில் பார்க்கலாம். ஈஜிஆரை அடைக்கிற வேலை வேண்டாம், புகை விதிகளில் மாட்டுவீர்கள், இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

இதைச் சொல்லுங்கள்: 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே பிக்கப் எப்படி? அழுத்தும்போது புஸ் என்று காற்றுச் சத்தம் வருகிறதா? ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு? இன்ஜினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்டால் மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) என்ன காட்டுகிறது?

மலைப்பாதை:
கீழே பிக்கப் பழைய மாதிரியே நன்றாக இருக்கிறது. சத்தம், ஜன்னலை இறக்கிக் கேட்டால் ஒரு மெல்லிய சீறல் இருக்கிறது, அது டர்போ சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். சாவி மட்டும் போட்டால் 1005 மில்லிபார். ஏற்றத்தில் கேட்டது 2200, வந்தது 1650, உடனே விளக்கு எரிந்துவிட்டது. புகை ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை: கொஞ்ச நாளாக வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் அடிக்கடி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஐடிலும் சில சமயம் கூடுதலாக நிற்கிறது.

ஸ்பேனர்:
சம்பந்தம் உண்டு, அதுதான் இதில் முக்கியமான தகவலே.

சாவி மட்டும் போட்டபோது காட்டிய 1005 வெளிக்காற்றின் அழுத்தம், அதனால் சென்சார் மீது சந்தேகம் குறைகிறது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இருக்கிறது. இந்த வகை டர்போவில் பெரும்பாலும் வேக்யூம்தான் வேன்களை மூடி கீழ் வேகத்தில் பூஸ்ட் தரும். வேக்யூம் கசிந்திருந்தால் முதலில் அங்கேதான் வண்டி சோம்பியிருக்கும், உங்களுக்கு அப்படி இல்லை. அழுத்தம் ஏற ஏறத்தான் பிரச்சினை, சீறலும் இருக்கிறது. டர்போவுக்கும் இன்டேக்குக்கும் நடுவில் எங்கோ ஹோஸ் விரிகிறது என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன்.

இப்போது ஃபேன் கதை. உள்ளே வரும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்பே அளந்துவிடுகிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியில் கசிந்தால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, அளந்ததை நம்பி டீசலை ஊற்றும், டீசல் முழுதாக எரியாமல் கரியாகும். பழைய வண்டி என்றால் பின்னால் கறுப்பாகக் கக்கும். உங்கள் வண்டியில் டிபிஎஃப் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் புகை தெரியவில்லை, ஃபில்டர்தான் சீக்கிரம் நிறைகிறது. அதை எரிக்க ரீஜெனரேஷன் அடிக்கடி நடக்கிறது. ஐடில் கூடுவதும் ஃபேன் ஓடுவதும் அதனால்தான்.

பார்க்கும் முறை: டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரண்டு பக்க ஹோஸ்களையும், முக்கியமாகக் கீழ்ப்பக்கத்தை, விரலால் தடவிப் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் கிழிசல் தெரியாது, அழுத்தம் வரும்போதுதான் வாய் திறக்கும். ஈரமாக ஆயிலும் தூசியும் ஒட்டிய தடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பழைய பிஸ்டன்:
ஸ்பேனர் சொன்னதோடு டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ரீஜெனரேஷனுக்காக நிறைய இன்ஜின்களில் எக்ஸாஸ்டைச் சூடாக்க சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகக் கொஞ்சம் டீசல் பீய்ச்சுவார்கள், அதில் கொஞ்சம் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் குறைவதுதான் எல்லோருக்கும் கவலை, டிபிஎஃப் வண்டியில் ஆயில் ஏறினால்தான் நான் பயப்படுவேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போ ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மீதுதான் மிதக்கிறது, அந்த ஆயில் டீசல் கலந்து நீர்த்துப்போனால் நல்ல டர்போவும் கெட்டுவிடும்.

மலைப்பாதை:
கிடைத்துவிட்டது! இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸ், கிளாம்ப் கடிக்கிற இடத்தில் அடிப்பக்கம் அரை வட்டமாகப் பிளந்திருக்கிறது, தடவியதும் விரல் கறுப்பாகிவிட்டது. ஹோஸும் கிளாம்பும் புதிதாகப் போட்டேன். அதே ஏற்றத்தில் கேட்டது 2200, வந்தது 2180, விளக்கு எரியவில்லை, சீறலும் இல்லை. ஆனால் பழைய பிஸ்டன் சொன்னது போல ஆயில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது, டீசல் வாடையும் அடிக்கிறது. பழைய ஹோஸின் உள்பக்கமும் ஆயில் படிந்திருந்தது, அப்படியென்றால் டர்போ சீல் போய்விட்டதா?

கறுப்புப் புகை:
அட, என் டர்போவும் நன்றாகத்தான் இருந்திருக்குமோ. மாற்றும்போது ஹோஸையும் சேர்த்துத்தான் மாற்றினார்கள்.

ஸ்பேனர்:
உள்ளே மெல்லியதாகப் படிவது சகஜம், இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் ஆயில் கொட்டுகிறது, அல்லது நீலப்புகை வருகிறது என்றால்தான் சீல் மீது சந்தேகப்பட வேண்டும். மனசு கேட்கவில்லை என்றால் இன்ஜின் ஆறிய பிறகு டர்போவின் ஏர் பைப்பைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ மட்டும் மறுபடி எழுதுங்கள்.

பழைய பிஸ்டன்:
மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் இனி ஓட்டாமல் முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அளவு ரொம்ப மீறினால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து அணைக்க முடியாமல் ஓடக்கூடிய ஆபத்து உண்டு. டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும், கையேட்டில் சி2, சி3 என்று எது போட்டிருக்கிறதோ அதே தரம். வெறும் 5டபிள்யூ-30 என்று பார்த்து வாங்காதீர்கள், அது தடிமன் மட்டும்தான். அப்புறம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டி ஒரு ரீஜெனரேஷன் முழுதாக முடியட்டும், அதன் பிறகு வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக் பாருங்கள். மறுபடி ஏறினால் இன்னொரு கசிவோ இன்ஜெக்டரோ பார்க்க வேண்டியிருக்கும்.

மலைப்பாதை:
சரி, கையேட்டில் சி3 போட்டிருக்கிறது, நாளைக்கே ஆயில் மாற்றிவிடுகிறேன். ஷாஃப்ட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.