புதுப்பிப்பு: முதியோர் வார்டில் ஓவிய வகுப்பு

முதியோர் நலப் பிரிவில் ஓவிய வகுப்பு நடத்த யோசனை கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. கருப்பு சார்ட்டும் வெள்ளைச் சாக்பீஸும் வாங்கினோம். கண்புரை உள்ளவர்களுக்கும் கோடு தெரிகிறது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்குக் கிரேயானில் பழைய துணியைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் தடிமனாக்கிக் கொடுத்தோம். பிடிக்கச் சுலபமாக இருக்கிறதாம்.

பூ வரையச் சொன்னபோது "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்ற பாட்டி, புள்ளி வைத்ததும் சிக்குக் கோலத்தை ஒரே இழுப்பில் முடித்தார். பக்கத்துத் தாத்தாவுக்கோ புள்ளி எண்ணுவதிலேயே தகராறு!

கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையை மேலிடத்தில் காட்டினேன். வாரம் ஒருநாள் அனுமதி கிடைத்தது.

அப்புறம், நான் யோசனை கேட்டபோது வாட்டர்கலர் வேண்டாம் என்று பதில் தந்தவர்கள் சொன்னது சரிதான். தண்ணீர் சிந்தினால் தரை வழுக்கும்.